காத்து மெத்தை

சத்தம் ஆவுடையம்மாளுக்கு வாசல் தார்சாவில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டது. தூங்குகிற பூனையின் வயிற்றில் காதை வைத்தால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு உறுமல், நடுநடுவே ஒரு சின்ன டிக், அப்புறம் ஸ்ஸென்று காற்று இடம் மாறுகிற இழுப்பு. அட கடவுளே, இன்னுமா ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டாசல் கூடத்தில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது ஏதோ ஃப்ரிட்ஜ் சத்தம். அழுது ஓய்ந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடினால் என்ன, ஃபேன் ஓடினால் என்ன. ஆனால் ஆவுடைக்குத் தெரியும், அது உள்ளறையில் கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற மோட்டார்ப் பெட்டி, அவள் கையாலேயே மாட்டிவிட்டுப் போனது. அந்தக் கட்டிலில் விரித்த காத்து மெத்தையில் போன மழைக்காலத்திலிருந்து படுத்த படுக்கையாகக் கிடந்த மரகதத்தை நேற்றுச் சாயங்காலம் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் எரித்தாயிற்று. இன்றைக்குக் காலையில் ஆண்கள் எல்லாரும் சாம்பல் அள்ளிக் கரைக்கக் காடாத்துக்குப் போயிருக்கிறார்கள். படுத்திருந்தவள் போய்விட்டாள், மெத்தை மட்டும் ஒரு வரிசை உப்பி, ஒரு வரிசை தாழ்ந்து, தாழ்ந்தது மறுபடி உப்பி, யாருக்காகவோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. வாங்க என்று யாரும் ஆவுடையிடம் சொல்லவில்லை, துக்க வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். பட்டாசலின் நடுவில், நெல் நிறைத்த படிக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மரகதத்தின் அக்கா சொர்ணத்தின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அழுகை உண்மைதான் அதில் சந்தேகமில்லை, ஜன்னல் ஓரமாகக் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

வந்தது அழுவதற்கு மட்டும் இல்லை. மெத்தை வேண்டும். இன்றைக்கே வேண்டும். ஆட்டோவில் வரும்போது வாக்கியத்தை நன்றாகத்தான் கட்டிவைத்திருந்தாள். அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு, மனசத் தேத்திக்கிடுங்க, அந்த மெத்தைக்கு ஒரு ஆளு காத்துக்கெடக்கு. கேட்க நல்லாத்தான் இருந்தது, மார்க்கெட் வளைவு திரும்பும் வரைக்கும். அதுக்கப்புறம் காத்துக்கெடக்கு என்கிற சொல் உறுத்த ஆரம்பித்தது. காத்துக்கெடக்குன்னா என்ன அர்த்தம். இவ எப்பப் போவான்னு காத்துக்கெடந்தானா? சரி, அதை விடு. ஒரு பையனுக்குத் தேவைப்படுது. இதுவும் சரியில்லை. செத்தது நேத்து, தேவை இன்னைக்கா? காத்துக்கெடக்கிறது என்னவோ நிஜம். பெயிண்ட் அடிக்கிற இசக்கிராஜ், சாரத்திலிருந்து விழுந்தவன், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன வாரம் ஆவுடை போய்ப் பார்த்தபோது அவன் பெண்டாட்டி செண்பகம் மடித்த சேலை ஒன்றை முதுகுக்குக் கீழே கொடுத்து அவனை ஒருச்சாய்த்துக் காட்டினாள். சுவத்துல ஈரம் ஏறினா பூசின பட்டி உரியும்லாக்கா, முதுகு அந்தக் கணக்கா உரியுது என்று அவன் ஒருச்சாய்ந்தபடியே சிரித்தான். சிரிக்கிற வயசு. இன்றைக்கு விடிந்ததும் செண்பகம் போனில் அழுதாள், புண்ணு கருத்துப்போச்சு அக்கா, நர்ஸம்மா எலும்பு வரைக்கும் போயிரும்னு சொல்லுதாங்க, அந்த மெத்தை எப்பக்கா வரும். இல்லாதவர்களுக்குக் கொடுத்து வாங்குவதற்கென்று ஆவுடையின் வீட்டு முன்னறையில் நடைவண்டி இருக்கிறது, ஓட்டை போட்ட நாற்காலி இருக்கிறது, மடக்குக் கட்டில்கூட இருக்கிறது. காத்து மெத்தை ஒன்றே ஒன்றுதான், அது இந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதுசுக்கு வழியில்லாதவர்களுக்கு அது எப்ப வரும் என்று யாரால் சொல்ல முடியும். ஒரு ஆள் எந்திரிக்கணும், இல்லை ஒரு ஆள் போகணும். எந்திரிச்சவங்க ரொம்பக் கம்மி.

பழைய பேப்பர், பழைய இரும்பு எடுக்கிறவன் தெருவில் கூவிக்கொண்டு போகலாம். ஆளைப் பார்த்ததும் வீட்டுப் பெண்கள் மூட்டையோடு வாசலுக்கு வருவார்கள், பேரம் பேசுவார்கள், அதில் ஒரு குஷிகூட இருக்கும். ஆவுடை எடுக்கிற சாமானுக்குக் கூவ முடியுமா? சீக்காளி கட்டில் இருக்கா, செத்தவங்க சக்கர நாற்காலி இருக்கா என்று கூவினால் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். எப்போது போய்க் கேட்பது என்பதுதான் இந்த வேலையில் இருக்கிற ஒரே வேலை, மற்றதெல்லாம் சும்மா கழுவிக் காயப்போடுவதுதான். சீக்கிரம் போனால் மனுஷி இல்லை. பிந்திப் போனால் சாமான் இல்லை. டீச்சரம்மா வீட்டில் மூன்றாம் நாள் போய் நாற்காலியைக் கேட்டாள், நல்லபடியாகத்தான் கேட்டாள், அந்த மகள் படித்த பிள்ளை, அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து, எங்கம்மா எப்பச் சாவான்னு பருந்து மாதிரி வட்டம் போட்டுட்டு இருந்தியளா என்று எல்லார் முன்னாலேயும் கேட்டுவிட்டது. பருந்து. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் மூக்கைப் பார்த்தாள், சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதாள். சரி, இனிமேல் மரியாதையாகப் பதினாறு முடியட்டும் என்று அடுத்த வீட்டுக்குப் பொறுத்திருந்து போனால், எது, அந்த நல்ல சக்கர நாற்காலி, பிரேக்கெல்லாம் புதுசு போட்டது, அதைப் பாயோடும் தலகாணியோடும் சேர்த்து ஆற்றங்கரையில் கொண்டுபோய் எறிந்தாயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தாள். சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், சீட்டில் ஒரு ஆடு ஏறி நின்றது. அந்த ஆடு அவளைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. செத்தவர் படுத்தது, உடுத்தது எதுவும் வீட்டில் தங்கக்கூடாது என்பது ஊர் வழக்கம், அதை யார் மாற்ற. மரியாதைக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவில் இருக்கிற இத்துனூண்டு சந்தில்தான் ஆவுடை நுழைந்து வரவேண்டியிருக்கிறது.

சொர்ணம் இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். காடாத்துக்குப் போன ஆம்பிளைகள் வந்து குளித்ததும் லோடு ஆட்டோ வருமாம், மரகதம் படுத்த மெத்தை, விரிப்பு, சேலை, குடித்த டம்ளர் முதற்கொண்டு மூட்டையாகக் கட்டி ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலையாம். இப்போ வாயைத் திற. திற ஆவுடை. அக்கா, அந்த மெத்தை நான் கொடுத்ததுக்கா. அவ்வளவுதான், ஒரு வரி. நான் கொடுத்ததுன்னா என்ன, திருப்பிக் கேக்க வந்திருக்கியா என்று சொர்ணம் கேட்டால்? கேட்பாள், கேட்கிற ஆள்தான். யாரோ காப்பி கொண்டுவந்து நீட்டினார்கள், வேண்டாம் என்று தலையசைத்தாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள், கைக்கு ஒரு வேலை. பைக்குள் செல்போன் துடித்தது. செண்பகமாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல, விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கேன், வாயில கொழுக்கட்டை என்றா. உள்ளே டிக் என்றது, ஸ்ஸென்றது. அந்தக் கடைசி வரிசை உப்பும்போது மட்டும் ஒரு சின்னக் கீச்சு கேட்கும், அங்கே ஒரு ஒட்டு இருக்கிறது. ஓட்டை விழுந்த அன்றைக்கு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குத்தான் போனாள், அவன் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, டியூபுக்கு ஒட்டுகிற மாதிரியே ரப்பரை வைத்து ஒட்டிக் கொடுத்தான், யாருக்குக்கா என்று கேட்டான், சொல்லவில்லை. கீச்சு கேட்கிறது. அப்போ ஒட்டு விடவில்லை, நல்லது. சீ, எழவு வீட்டில் உட்கார்ந்து ஒட்டைப் பற்றி யோசிக்கிறாளே, அந்தப் பிள்ளை பருந்து என்று சொன்னது தப்பே இல்லை.

யாருக்கு என்று சொல்லக்கூடாது, யாருடையது என்றும் சொல்லக்கூடாது. இந்த வேலையில் அடிபட்டு அடிபட்டு அவள் கற்றது அது. முதலில் வெள்ளந்தியாகச் சொல்லித்தான் பார்த்தாள், இது இன்னார் வீட்டில் இருந்தது, நல்லாச் சுத்தம் பண்ணியாச்சு என்று. அன்றைக்கு ராத்திரியே நடைவண்டி அவள் வீட்டு வாசலில் திரும்பி நின்றது, அதைப் பிடித்து நடந்தவர் போய்விட்டாராமே, எங்க ஐயாவுக்கு வேண்டாம். நடைவண்டியா கொன்றது? சொன்னால் யார் கேட்கிறார்கள். இன்னொன்று, எந்த வீட்டிலும் வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதை அவள் விட்டே போய்விட்டாள். துக்க வீட்டில் யாருமே சொல்வதில்லை, மறுபடி அப்படி ஒரு வரவு அந்த வீட்டுக்கு வேண்டாம் என்று. இவள் சாமானைக் கொடுக்கப் போகிற வீட்டிலும் சொல்ல முடியாதே. கட்டிலை இறக்கி, மெத்தையை விரித்து, மோட்டாரை மாட்டிவிட்டு, வாசலில் நின்று வாரேன் என்றால் அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன காதில் விழும்? இவ மறுபடி எப்ப வருவா, எதுக்கு வருவா. ஒருதரம் பழக்க தோஷத்தில் சொல்லப்போய், கட்டிலில் கிடந்த பெரியவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து சொல்லாமல்தான் இறங்குவாள். அவளிடமும் யாரும் வாங்க என்று சொல்வதில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரி, பிள்ளைத்தாச்சி மகளைக் கூட்டிக்கொண்டு நைசாக அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறாள். ஆட்டோ ஓட்டுகிற அந்தோணி மட்டும்தான் அவளுக்கு இன்னும் கேலி பேசுகிற உறவு, அக்கா, நீங்க சும்மா காய்கறி வாங்கப் போனாலும் தெருவே கதவ மூடுதுக்கா என்பான். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற வேலை இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, மகள் பெங்களூரில் நன்றாக இருக்கிறாள், இந்தப் பிழைப்பு உனக்கு எதுக்கும்மா என்று அவளும் கேட்கிறாள். எதுக்கு என்று ஆவுடைக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

உர்ர்ர். டிக். சொல்லத் தெரியாமல் என்ன, தெரியும், சொன்னால் சிரிப்பார்கள். அந்த மெத்தை அவள் வீட்டுக்காரர் நம்பிராசனுக்கு வாங்கியது. ஊரெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக விசிலடித்துக்கொண்டு திரிந்த மனுஷன், ஒரு காலையில் பல் தேய்க்கும்போது வாய் கோணி விழுந்தார், அதன் பிறகு பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், ரைட்டு. பசித்தாலும் ரைட்டு, கோபம் வந்தாலும் ரைட்டு, மகள் போனில் பேசினாலும் ரைட்டு ரைட்டு என்று கண்ணீர் விடுவார். ஆவுடைக்கு எந்த ரைட்டு என்ன ரைட்டு என்று தெரியும். அவர் போனபோது அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது. தூக்கிக்கொண்டு போன பிறகு மகள் வந்து, அம்மா மோட்டார அமத்தட்டுமா என்றாள். கிடக்கட்டும் விடு என்றாள். மறுநாளும் விடு என்றாள். அடுக்களையில் சோறு பொங்கும்போது அந்த உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும், அவர் உள்ளே இருக்கிற மாதிரியே இருக்கும், இப்ப ரைட்டு என்பார், இப்ப என்பார். அப்புறம் ஒரு மத்தியானம் லைன் பார்க்கிறோம் என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். சத்தம் நின்றது. வீடு அப்படி ஒரு அமைதியாக எப்போதும் இருந்ததில்லை. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால், மெத்தை கொஞ்சங்கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது, நடுவில் குழிந்து, கட்டில் பலகையோடு பலகையாக. அப்போதுதான் அவர் செத்தார். அப்போதுதான் அழுதாள், தெருவே கூடுகிற மாதிரி. அதைத் தூக்கி ஆற்றங்கரையில் எறிய மனசு வரவில்லை. யாராவது படுத்து அது மறுபடி உப்பட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான், இதில் புண்ணியம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் இந்த வீட்டில் அதை அமத்தாமல் இருப்பது யார்? காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். இவ்வளவு நேரம் மெத்தையை எப்படிக் கேட்க என்றே புத்தி செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்ததே, ஓடுகிற மோட்டாரை ஓடவிட்டிருக்கிற ஆள் யார் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தாளா. மரகதத்தின் வீட்டுக்காரர் கோமதிநாயகம் எங்கே? மூட்டு வலிக்காரர், ஆற்றில் இறங்க முடியாது, பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தது தம்பி மகன், அவர் காடாத்துக்குப் போயிருக்க மாட்டார். தார்சாவிலும் இல்லை, வெளியே பந்தலில் நாற்காலிகளிலும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் உள்ளறையிலிருந்து குரல் வந்தது, யாரு, ஆவுடையம்மாவா வந்திருக்கிய என்று. பெண்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், ஐந்தாறு எட்டில் இருக்கிற அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாக்கியத்தை இன்னொரு முறை கட்டிப் பார்த்தாள், கட்டின பக்கமே அவிழ்ந்துபோயிற்று.

கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். பண்டகசாலையில் எடை போட்டே பழகிய அகலமான கை, அதை மெத்தையின் மேல் விரித்து வைத்திருந்தார். ஒரு வரிசை உப்பும்போது கை மெதுவாக மேலே வந்தது, தாழும்போது கீழே போனது. விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது, தலைமாட்டில் பவுடர் டப்பா, சாப்பிடுகிற மருந்து, ஒரு சின்ன விசிறி. ஆவுடை வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள். அவரேதான் பேசினார். நேற்றிலிருந்து ஒவ்வொருத்தராக வந்து அமத்துங்க அமத்துங்க என்கிறார்களாம், கரண்டு பில் ஏறுது என்று ஒருத்தன் சொன்னானாம், அதைச் சொல்லும்போது அவருக்கே ஒரு சிரிப்பு வந்து போயிற்று. அப்புறம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கதானம்மா சொன்னிய, ராத்திரி பகலா ஓடணும், நான் சொல்லாம அமத்தக் கூடாதுன்னு. நீங்க வந்து சொல்லட்டும்னு இருக்கேன்.”

சொன்னது வாஸ்தவம். எல்லா வீட்டிலும் சொல்வாள், மோட்டார் நின்றால் மெத்தை இறங்கிவிடும், இறங்கினால் முதுகு பலகையில் படும், நான் சொல்லாம யாரும் கை வைக்கக் கூடாது என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்வாள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷர் உட்கார்ந்திருக்கிறார். அமத்துங்க என்று சொல்ல வேண்டியதுதானே, அதுக்குத்தானே வந்தது, வாய்ப்புத் தானாகவே தாம்பாளத்தில் வந்திருக்கிறது. சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னால் அவள்தான் மரகதத்தைச் சாகடிக்கிறாள். பொய்க்காகவாவது இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடலாமா. போய்விடலாம். போனால் லோடு ஆட்டோ வரும். கருத்துப்போச்சு அக்கா. தரையில் உட்கார்ந்து, கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டாள். மரகதத்துக்கு முதுகில் ஒரு கீறல் கிடையாது தெரியுமா என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாகக் குளிப்பாட்டின பெண்கள் எல்லாம் வந்து சொன்னார்களாம், இத்தனை நாள் கிடந்த உடம்பா இது, முதுகு வாழையிலை மாதிரி இருக்கு என்று. ராத்திரியில் எழுந்து எழுந்து ஒருச்சாய்த்துப் பவுடர் போட்டது அவர்தான், அதைச் சொல்லவில்லை, வாழையிலை என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது, இந்த வீட்டில் மிஞ்சியிருக்கிற ஒரே பெருமை. அப்புறம் கேட்டார், இது அடுத்தாப்புல எங்க போவுது என்று.

சொல்லக்கூடாது. அதுதான் வழக்கம், கேட்டால் இன்னும் முடிவாகல அண்ணாச்சி என்று மழுப்பிவிடுவாள். வாயைத் திறந்தபோது மழுப்பல் வரவில்லை. இசக்கிராஜ் வந்தான். சாரத்தில் நின்று மூணாம் மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன் என்று தொடங்கினாள், கயிறு விட்டது, மணல் குவியலுக்குப் பக்கத்தில் விழுந்தான், கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் மணல் என்று அவன் அம்மா சொல்லிச் சொல்லி அழுவது, பெண்டாட்டி மடித்துக் கொடுக்கிற சேலை, பட்டி உரியுதுக்கா என்று அவன் சிரித்த சிரிப்பு, காலையில் வந்த போன் எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்த முடியவில்லை. இத்தனை வருஷமாக எந்த வீட்டிலும் சொல்லாத எல்லாம் அந்த ஒரு பையனாகக் கொட்டியது. கோமதிநாயகம் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடந்துருவானா என்று கேட்டார். ஆமா என்று சொல்ல ஆசையாக இருந்தது, இந்தச் சமயத்தில் ஒரு ஆமா யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடும்.

“தெரியல அண்ணாச்சி. புண்ணு ஆறினா எந்திரிச்சு உக்காந்துருவான். கை ரெண்டும் நல்லாருக்கு.”

அவர் தலையை ஆட்டினார். உக்காந்தா போதும், உக்காந்தா பெயிண்ட் அடிக்கலாம், கீழ்ச் சுவத்துக்கு என்றார். பிறகு குனிந்து, மூட்டு நறுக்கென்றது, கால்மாட்டில் கை நீட்டி, அவள் முகத்தைப் பார்த்தார். ஆவுடை அமத்துங்க அண்ணாச்சி என்றாள். சொல்லிவிட்டாள். அவர் சுவிட்சை அமத்தினார். உறுமல் நின்றது. பட்டாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள், ஃப்ரிட்ஜ் என்று நினைத்தது நின்றதும்தான் அது எவ்வளவு சத்தம் என்று அவர்களுக்கே தெரிந்தது போல. மெத்தை தாழ ஆரம்பித்தது. ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார், சத்தமே இல்லாமல், தோள் குலுங்க, கை அப்படியே தாழ்கிற மெத்தையோடு தாழ்ந்துகொண்டிருந்தது. அழட்டும். அழுது முடிக்கிற வரைக்கும் அவள் இரும்புக் காலைப் பிடித்தபடியே இருந்தாள். அப்புறம் ரெண்டு பேருமாகக் குழாயைக் கழற்றி, தலைமாட்டிலிருந்து சுருட்டினார்கள். சுருட்டச் சுருட்ட உள்ளே மிச்சமிருந்த காற்று பவுடர் வாசனையோடு முகத்தில் வந்து அடித்தது. வாசலில் சொர்ணம் வந்து நின்றாள். நல்லாருக்கே இது, செத்தவ படுத்தத எடுத்து இன்னொரு வீட்டுக்கா, ஆத்துல போடாம வச்சிருந்தா வீட்டுக்கு ஆகாது, கொடுத்தா அவங்களுக்கு ஆகாது என்று அவள் அடுக்க ஆரம்பித்தாள். அவள் பயம் அவளுக்கு, தங்கச்சியைப் பறிகொடுத்தவள். கோமதிநாயகம் சுருட்டுவதை நிறுத்தவில்லை. ஆத்துல போட்டா மீனா வந்து படுக்கப்போவுது, விடுங்க என்றார். சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வழி விட்டாள்.

வாசலில் ஆட்டோவோடு நின்ற அந்தோணி உள்ளே வந்து மெத்தைச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மோட்டார்ப் பெட்டியை ஆவுடை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், யாரிடமும் கொடுக்கவில்லை. விளக்கைத் தாண்டினாள், பெண்களைத் தாண்டினாள், தார்சாவில் செருப்பைக் காலால் தேடினாள். போதும், இறங்கிவிடலாம், சொல்லாமல் கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல், எப்போதும் போல. செண்பகத்துக்கு ஆட்டோவில் ஏறியதும் போன் போட வேண்டும். மெத்தையை வெயிலில் காட்ட நேரமில்லை, டெட்டால் போட்டுத் துடைத்து அப்படியே விரித்துவிடலாம். கட்டில் அவர்களிடம் இருக்கிறது, பிளக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கவில்லையே, நீளமான வயர் ஒன்று எடுத்துக்கொண்டு போகணும். புத்தி அங்கே போய்விட்டது, அந்தப் பையனின் முதுகுக்கு. செருப்புக்குள் கால் நுழைகிற அந்த நொடியில் வாய் தானாகத் திறந்து, வீட்டுக்குள் பார்த்து, அண்ணாச்சி, போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டது.

யாரோ ச்சு என்றார்கள். சொர்ணத்தின் கை நெற்றிக்குப் போயிற்று. ஆவுடைக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. பாவி, என்ன சொல்லிட்டே. இத்தனை வருஷம் எந்த வாசலிலும் சொல்லாமல் கட்டிக் காத்ததை இன்றைக்கு, இந்த வீட்டில், சாம்பல்கூட இன்னும் ஆற்றில் கரையாத வீட்டில். செருப்பு ஒன்று காலிலும் ஒன்று படியிலுமாக நின்றாள். சொன்னதைத் திருப்பி வாய்க்குள் போட்டுக்கொள்ள வழி இருக்கிறதா. பூமி பிளந்தால் அப்படியே இறங்கிவிடலாம், பிளக்கவில்லை. உள்ளறையிலிருந்து ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. கோமதிநாயகம் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பட்டாசல் வரைக்கும் வந்து நின்றார்.

“வாங்க. அந்தப் பையன் எந்திரிச்சு உக்காந்தாம்னா வந்து சொல்லுங்க, நான் இங்கதான் இருப்பேன்.”

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் ஒரு வழக்கம்தான், அதுவும் அன்றைக்குப் போயிற்று. ஆவுடை திரும்பி அவரைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். கடைசியாக அவளிடம் யார் வாங்க என்று சொன்னார்கள்? யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. ஆட்டோவில் ஏறினாள். தெரு முனையில் ஈரத் தலையோடு ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள், பின்னாலேயே லோடு ஆட்டோ, காலியாக. அந்தோணி ஒதுங்கி வழி விட்டான். என்னக்கா, உள்ள என்னமோ சொல்லிட்டு வந்தீங்க போல, எல்லாரும் உங்களையே பாத்தாங்க என்றான். ஆமாடா, சொல்லிட்டுத்தான் வந்தேன் என்றாள். மடியில் இருந்த மோட்டார்ப் பெட்டியில் இன்னும் சூடு ஆறவில்லை.